புச்கிக்குப் பெயர் வைத்த பேச்சுவார்த்தை

கிறிஸ்தவ உலகம் துண்டு துண்டாகப் பிரிந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதை மறுபடி ஒட்டும் மகத்தான பணி, கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில், சந்தானம் வீட்டுச் சோபாவில் ஞாயிறுதோறும் நடந்துவந்தது. உலகம் இதைக் கவனிக்கவில்லை. உலகத்துக்கு வேறு வேலை இருந்தது.

சந்தானம் கத்தோலிக்கர். அவர் மனைவி பிரபாவின் அண்ணன் சுந்தர், பவானிபூரில் மளிகைக்கடை வைத்திருப்பவர், பெந்தெகொஸ்தே சபைக்காரர். சந்தானத்தின் மகளுக்கு எங்கே, எப்படிப் பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு. கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கும்போதுதான் பெயர் என்பது சந்தானத்தின் கட்சி. கைக்குழந்தைக்கு ஏது ஞானஸ்நானம், சபையில் ஜெபித்துப் பெயர் வைப்போம், வளர்ந்தபின் அவளே விரும்பி முழுக்கு எடுக்கட்டும் என்பது சுந்தரின் கட்சி.

வேறு குடும்பமாக இருந்தால் சட்டை கிழிந்திருக்கும். இவர்கள் பண்பாளர்கள்.

“மச்சான், உங்க விசுவாசத்த நான் ரொம்ப மதிக்கிறேன்” என்பார் சந்தானம்.

“உங்க பாரம்பரியத்த நான் அதவிட மதிக்கிறேன் மாப்பிள்ளை.”

“அதவிடவா? அப்ப நானும் கொஞ்சம் கூட்டிக்கிறேன்.”

இத்துடன் கூட்டம் ‘நல்ல முன்னேற்றத்தோடு’ ஒத்திவைக்கப்படும். முடிவு எடுத்தால் ஒருவர் தோற்றுப்போவார், தோற்கடிப்பது மரியாதையல்ல, ஆகவே முடிவே எடுப்பதில்லை என்று மட்டும் ஏகமனதாக முடிவாகியிருந்தது.

குழந்தை இதற்கெல்லாம் காத்திராமல் வளர்ந்தது. எதிர்வீட்டு வங்காளி அண்ணி அவளைப் ‘புச்கி’, அதாவது பொடிசு, என்று கூப்பிட்டாள். கொல்கத்தாவில் எல்லாக் குழந்தைக்கும் இப்படி வீட்டில் கூப்பிட ஒரு ‘டாக் நாம்’ உண்டு. ஊருக்கான ‘பாலோ நாம்’ எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று தெருவே நம்பியது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள் வந்தது. குடும்பத்தோடு சுந்தரும் போனார்.

“புச்கி, சரி. பாலோ நாம்?” என்றார் தலைமையாசிரியை.

சந்தானம் தொண்டையைச் செருமினார். “மேடம், டயலாக் இஸ் கோயிங் ஆன்.”

இன்றைக்குப் பெயர் சொல்லாவிட்டால் சீட் அடுத்த பிள்ளைக்கு என்று அந்த அம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார். வெளியே அடுத்த பிள்ளை தயாராக நின்றது.

“நீங்க சொல்லுங்க மச்சான்.”

“சேச்சே, தகப்பன் நீங்க இருக்கும்போதா?”

“உங்க மனசு நோகுமே.”

“உங்க மனசு நொந்தா நான் எப்படி ஜெபம் பண்ணுவேன் மாப்பிள்ளை?”

புச்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அம்மா, எனக்குப் பேரே இல்லியா?”

பிரபாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “மஹிமா” என்றாள். “எழுதிக்குங்க மேடம். மஹிமா.”

சீட் கிடைத்துவிட்டது. புதுப் பெயரைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டே மகள் அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் போனாள். ஆண்கள் இருவரும் பின்னால் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள்.

“நம்மள ஒரு வார்த்தை கேட்டாளா மச்சான்?” என்றார் சந்தானம்.

“அதேதான் நானும் நெனச்சேன் மாப்பிள்ளை.”

சந்தானத்துக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை கால உரையாடல் வீண்போகவில்லை. பிரபாவுக்கு மரியாதை தெரியாது என்பதில் இரண்டு சபைகளும் கடைசியில் ஒன்றுபட்டுவிட்டன.