ஆயில் பிரஷரும் ஒரு கிடாயும்

தன் மெத்தையில் கிடா ஏறக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டே பூமிநாதன் எடுத்த முடிவு இது. உயிரே போனாலும் மாற்றுவதாக இல்லை.

மெத்தை இருந்தது வீட்டில் அல்ல, வேனில். ராமநாதபுரத்தில் கடிகாரக் கடை வைத்திருக்கும் மனிதர் அவர். வெள்ளைக்காரர்கள் வண்டிக்குள்ளேயே சமைத்துத் தூங்கி ஊர் சுற்றுவதைச் செல்போனில் பார்த்துப் பார்த்து ஆசை முற்றிப்போய், ஒரு பழைய வேனை வாங்கினார். ஆசாரியை விட்டுக் கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் பொருத்தினார். அது தனுஷ்கோடிக்கு ஒரு தடவை போய் வந்ததோடு சரி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறுவார். மெத்தையோடு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட வண்டியை மனைவி முருகலட்சுமி தன் தம்பி குருநாதனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். தம்பி மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோயிலில் மொட்டை, காதுகுத்து. உப்பூரைத் தாண்டிக் கடலோரத்தில் கோயில். வண்டி நிறையச் சொந்தக்காரர்கள், அவர்களோடு சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா.

"கிடா எங்கன நிக்கும்?" என்று கேட்டார் பூமிநாதன்.

"நிக்கும். கால் வலிச்சாப் படுத்துக்கிரும். அதுக்குத்தேன் மெத்த இருக்குல்ல," என்றாள் முருகலட்சுமி.

அவளை வாயால் ஜெயிக்க முடியாது என்பது கல்யாணமான முதல் வாரமே அவருக்குத் தெரிந்த விஷயம். ஆனால் முள்ளால்? அவர் கடிகாரக்காரர். முள் ஒன்றைக் காட்டினால் ஊரே நம்பும் என்பதைக் கண்ணால் கண்டவர். மத்தியானம் பானட்டைத் தூக்கி, எஞ்சினிலிருந்து ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகிற வயரைப் பிடுங்கிவிட்டார். ஸ்டார்ட் செய்து பார்த்தார். முள் பூஜ்யத்தில் சுகமாகப் படுத்துக் கிடந்தது.

"ஏத்தா லெச்சுமி, இங்கன வா. போச்சு. ஆயில் பிரஷர் சுத்தமா இல்ல. இப்புடியே ஓட்டுனா எஞ்சின் ஜாமாயிரும்."

முருகலட்சுமி கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு மாவு மில் உண்டு. அதில் அவள் கட்டி மேய்ப்பதும் ஒரு கிழட்டு டீசல் எஞ்சினைத்தான். வண்டியை அணைக்கச் சொன்னாள். ஆயில் கம்பியை உருவிப் பழந்துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள்.

"எண்ணெ மேல்கோடு வரைக்கும் இருக்கே."

"எண்ணெ இருக்கது வேற. பிரஷர் இருக்கது வேற."

"பிரஷர் இல்லாட்டி எஞ்சின் தட்டுமே. மில்லு எஞ்சின் ஒருக்காத் தட்டுனதுல தெருவே எந்திரிச்சு வந்துருச்சு. இது மெத்துன்னு ஓடுச்சே."

இந்த இடத்தில் பூமிநாதன் வாயை மூடியிருக்கலாம். ஆனால் செல்போனில் படித்ததெல்லாம் அவருக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது.

"அது சூடேறாமப் பச்சையா இருக்கையில தெரியாதுத்தா. பழைய எஞ்சின்ல நோக்காடு எல்லாம் சூட்டுலதேன் வெளிய வரும். சூட்டுல எண்ணெ இளகும். பாரமும் ஏறணும்."

"எம்புட்டுச் சூடு?"

"ஒரு நாப்பது கிலோமீட்டர் ஓடணும்."

"எம்புட்டுப் பாரம்?"

"பத்துப் பன்னெண்டு ஆள் பாரம். ஓட்டிப்போயி நிப்பாட்டி, எஞ்சின அணைக்காம மெதுவா ஓட விடணும். அப்ப முள்ளு விழுந்துச்சுன்னா உள்ள பேரிங் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். இதெல்லாம் ஞாயித்துக்கெழமைக்குள்ள நடக்குற காரியமா?"

சொன்ன பொய்யில் அந்தப் பரிசோதனை முறை மட்டும் அத்தனையும் நிஜம். வினையே அதுதான்.

"எம்புட்டு வெவரம் தெரிஞ்சு வச்சிருக்கீக," என்றாள் முருகலட்சுமி. "சரி, கிடாய லோடு ஆட்டோல ஏத்தச் சொல்லிருவோம்."

பூமிநாதன் அன்றைக்கு இரண்டு அப்பளம் கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்கப்புறம் சீக்காளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வண்டிப் பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வேன் நிறைய ஆட்கள். ஜன்னலுக்கு ஜன்னல் தலை. மெத்தையின் நட்டநடுவில், கழுத்தில் மாலையோடு கிடா.

"என்ன மாப்ளே இது?" என்றார் குருநாதனிடம்.

"அக்காதேன் வரச் சொன்னுச்சு மச்சான். வண்டிய டெஸ்டு பண்ணப் பாரம் இல்லாம நீங்க தவிக்கிறீகளாம்ல. அதேன் மீனம்மாப் பெரியம்மாவயும் கூட்டியாந்துட்டேன். அவுக ஒரு ஆளே நாலு ஆள் பாரம்."

பூமிநாதன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "லெச்சுமி, முள்ளு பூஜ்யத்துல கெடக்கையில ஓட்டவே கூடாதுத்தா."

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. பூஜ்யத்துல கெடந்தா எல்லாரும் எறங்கிருவோம். கிடாயும் எறங்கிரும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை சாட்சிகளுக்கு முன்னால் சாவியைத் திருப்பினார். முள் சிலிர்த்துக்கொண்டு எழுந்து, நிமிர்ந்து நின்றது. கண்ணாடியைத் தட்டினார். நின்றது. இன்னும் பலமாகத் தட்டினார். அப்போதும் நின்றது. வயரைப் பிடுங்கினேனே, எப்படி ஏறுகிறது என்று யாரிடம் கேட்பது? கியரைப் போட்டு ஓட்ட ஆரம்பித்தார்.

"முள்ளு என்ன சொல்லுது மச்சான்?" என்று குருநாதன் ஊருக்கு ஊர் கேட்டான்.

"நிக்குது."

"சாமி புண்ணியம்," என்றாள் மீனம்மாள் பின்னாலிருந்து. கிடா புரண்டு படுத்தது. பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

கோயிலில் எல்லோரும் இறங்கினார்கள். வண்டியை நிறுத்தியும் அணைக்காமல் விட்ட எஞ்சின் கொதிக்கக் கொதிக்க மெதுவாக ஓடியது. முள் லேசாகத் தணிந்து, தணிந்த இடத்தில் ஆடாமல் நின்றது. பேரிங் கல்லு மாதிரி இருக்கிறது. இவ்வளவு நல்ல எஞ்சினை வாங்கியிருக்கிறோம் என்பதே பூமிநாதனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த நிலையிலும் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் விம்மத்தான் செய்தது.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பானட்டைத் தூக்கினார். வயர் அதனிடத்தில் இருந்தது. உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்த முனையை யாரோ சுரண்டிப் பளபளப்பாக்கி, இனிமேல் கழலாதபடி பூக்கட்டும் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த முடிச்சு அவருக்குத் தெரியும், முருகலட்சுமி பூக்கட்டும்போது போடுவது. கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்குப் பெருமைதான் வந்தது. அங்கே சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், மச்சான் தன் கையாலேயே வண்டியைச் சரிபண்ணிவிட்டார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முருகலட்சுமிதான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். எப்பேர்ப்பட்ட மனுஷி இவள் என்று நினைத்துக்கொண்டார்.

பந்தி போட்டதும் அவளே இலைத்தட்டில் கறியும் சோறும் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்ன, பேரிங் போச்சா?"

"இல்ல. நல்லாருக்கு." தட்டை வாங்கிக்கொண்டு குரலைத் தணித்தார். "எப்பத்தா மாட்டுன?"

"நீங்க அப்பளம் தின்னுக்கிட்டு இருக்கையில."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். போக எட்டு வைத்தவள் திரும்பி நின்றாள்.

"அடுத்த மாசம் தங்கச்சிமடத்துல சித்தப்பா மகளுக்கு வளகாப்பு. இந்த ஆளுக அம்புட்டுப் பேரும் வருவாக. எந்த வயரப் புடுங்கப் போறீகன்னு முன்னாலயே சொல்லிருங்க, பூ நூலு வாங்கி வைக்கணும்."