முப்பத்தொரு சதவீத முகம்

பதிவறை எழுத்தர் கைபேசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, பல்லைக் காட்டி, தன்னைத்தானே முப்பத்தேழாவது முறையாகப் படம் எடுத்தார். திரையில் பழைய பதிலே வந்தது: "31 சதவீதம். இது தாங்கள் அல்ல."

அலுவலகத்தில் வருகைப் பதிவுக்கு முகம் பார்க்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஊழியர்கள் தங்களைத் தாங்களே படமெடுத்து அனுப்ப வேண்டும். அது பழைய அடையாள அட்டைப் படத்தோடு எண்பது சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒத்துப்போகாதவர்களுக்குச் சனிக்கிழமை முதல் வேலை இல்லை. இன்று வியாழன்.

அட்டை இருபத்திரண்டு வருடமாக அலமாரியில் கிடந்தது. அன்று ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஐந்து பேருக்கும் அவசர அவசரமாகப் படம் ஒட்டிக் கொடுத்தது. வெளுத்துப்போன அந்தப் படத்தில் மீசையில்லாத, களையான ஓர் இளைஞன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இவ்வளவு லட்சணமாவா இருந்தீங்க?"

"ஏன், கல்யாணத்தன்னைக்கு நீ பாக்கலையா?"

"வெக்கத்துல குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்தப்ப இப்படி இருந்தீங்க."

வேலையில் சேர்ந்தபோது மீசை இருந்ததா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் அலுவலகத்து அட்டை பொய் சொல்லுமா? காகிதத்துக்கும் மனிதனுக்கும் தகராறு வந்தால் காகிதத்தின் பக்கம் நின்றே பழகியவர் அவர். குளியலறைக்குப் போய் மீசையை வழித்துவிட்டு வந்தார்.

28 சதவீதம்.

தலைக்குச் சாயம் பூசினார். அது நெற்றியிலும் வழிந்தது. 24.

"தாடையில குழி இருக்கு பாருங்க," என்றாள் மனைவி. "அது எங்க போச்சு?"

"வீட்டுக் கவலையில தூர்ந்து போயிருக்கும்."

"ஆமா, எல்லாத்துக்கும் நான்தான் காரணம்!" என்றபடி, அவளே கண்மையால் ஒரு குழி வரைந்துவிட்டாள். 19. "சிரிக்காதீங்க. பயமா இருக்கு."

எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நாற்பது முகங்கள். ஒன்றிலும் அவர் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தவருக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கே என்னைத் தெரியலடி."

அவளுக்கும் மனம் பொறுக்கவில்லை. "நான் வந்து சொல்றேங்க, இவர்தான் அவர்னு."

"நீ ஆவணம் இல்லையே," என்றார் பரிதாபமாக.

மறுநாள் காலை, கெஞ்சிக் கூத்தாடியாவது வேலையைக் காப்பாற்றிக்கொள்வது என்று, அட்டையோடு அலுவலகம் போனார். வாசலில் வாட்ச்மேன் தினமும் சல்யூட் வைப்பார். எழுத்தர் குனிந்த தலை நிமிராமல் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார். இன்று, அட்டையில் உள்ளதுபோல் மறுபடி வரைந்துகொண்ட கண்மைக் குழி சட்டைக் காலரில் பட்டுக் கலைந்துவிடுமோ என்று தலையை நிமிர்த்தி நடந்தார்.

சல்யூட் வரவில்லை. ஒரு கைதான் குறுக்கே வந்தது.

"யாரு வேணும் உங்களுக்கு?"

"நான்தான்யா!"

"நான்தான்னா எந்த நான்?"

"பதிவறை எழுத்தர்!"

"போங்க சார். பதிவறை சார் தலையை நிமிர்த்தவே மாட்டாரு. அவரு உச்சந்தலையைத் தவிர நான் எதையும் பாத்ததில்ல."

எழுத்தர் சட்டைப் பையைத் துழாவினார். மிச்சமிருந்த ஒரே சாட்சியை நீட்டினார். "அப்ப இதைப் பாரு. இதாவது நான்தானே?"

வாட்ச்மேன் அட்டையைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். பிறகு சிரித்தார். சிரித்தபோது தாடையில் ஒரு குழி விழுந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக எழுத்தர் அந்த முகத்தைப் பார்த்தார்.

"இது என் போட்டோவாச்சே சார்! என் கார்டுல இத்தனை வருஷமா யாரோ ஒரு மீசைக்காரர் உக்காந்திருக்காரு. அவர் யாருன்னு உங்களுக்காவது தெரியுமா?"