சாய்த்துப் பிடித்த மடிக்கணினி

ஒழுங்கானவர்களுக்கு விபத்து நேராது என்பது ஒழுங்கானவர்கள் மட்டுமே நம்பும் விஷயம். நானும் நம்பினேன். எங்கள் சேலையூர் வீட்டில் ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் அது எதனுடையது என்று சீட்டு எழுதி ஒட்டியிருப்பேன். மிக்ஸிக்கும் உண்டு. (மிக்ஸி ஒயர் மிக்ஸியோடேயே இருப்பதால் குழப்பம் வர வழியில்லை என்பாள் என் மனைவி ஹெலன். குழப்பம் வராததற்குக் காரணமே சீட்டுதான் என்பது என் கட்சி.)

இந்தக் குணத்தை நம்பித்தான் மாமனார் வீட்டார் தங்கள் புகைப்படங்களை என்னிடம் ஒப்படைத்தார்கள். பெருவெள்ளத்தின்போது அவர்களுடைய முடிச்சூர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் ஊறிப்போயின. எங்கள் கல்யாண ஆல்பமும் அங்கேதான் இருந்தது. தப்பிய படங்களைப் பிரித்து, காயவைத்து, ஸ்கேன் செய்து மடிக்கணினியில் ஏற்றினேன். மூத்தவர்கள் முதலில், பிள்ளைகள் பிறகு என்று வரிசையாக எண் கொடுத்தேன். மருமகனுக்குரிய அடக்கத்தோடு எங்கள் கல்யாணப் படங்களைக் கடைசியில் வைத்தேன். பிறகு பூஞ்சை பிடித்த அசல்களை முறைப்படி அப்புறப்படுத்தினேன். ஹெலன் தயங்கினாள்.

"அசல் எதுக்கு? மூணு காப்பி வெச்சிருக்கேன்" என்றேன்.

மாமனார் மாமியாரின் ஐம்பதாவது திருமண நாள் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபைக் கூடத்தில் ஸ்தோத்திர ஆராதனை, திரையில் பழைய படங்கள், பிரியாணி என்று ஏற்பாடு. மாமியாருக்கு பிரியாணியைப் பற்றிக் கவலை இல்லை. போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"மாப்ளே, அந்தப் படிக்கட்டுப் படம் வரும்ல?"

அவர்கள் கல்யாணத்தன்று சர்ச் படிக்கட்டில் எடுத்த படம் அது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பின்னால் மாமியாரின் அண்ணன் குடை பிடித்திருப்பார். அடுத்த வருடமே இறந்துபோன அந்த அண்ணனுக்கு உலகத்தில் வேறு படமே கிடையாது.

"கண்டிப்பா வரும் அத்தை" என்பேன்.

விழா வாரத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். கறுப்புத் திரையில், டிஸ்க் எதையும் காணோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. உள்ளேயிருந்து பல்லி கத்துவதுபோல் ஒரு சத்தம். (பல்லி சகுனத்தில் எங்களுக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கவனித்தேன்.) சார்ஜரைப் பிடுங்கிச் செருகினேன். பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். சீட்டுகள் எல்லாம் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்றுகூடப் பார்த்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்கு அருகே ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரர் அடிமூடியைக் கழற்றி, சப்பையான ஒரு பட்டை ஒயரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக் காட்டினார்.

"டிஸ்க்கையும் போர்டையும் சேக்குற கேபிள் இது. இது மேலதான் சார் டவுட்டு. ஆட்னா வருது, உட்டா பூடுது."

"இப்பவே மாத்திடுங்க."

"பழைய மாடலு. ரிச்சி தெருல சொல்லி வெச்சாதான் கெடைக்கும். திங்கக்கெழம வா சார்."

விழா சனிக்கிழமை. மச்சான் சாமுவேலுக்குப் போன் செய்தேன். ஹெலனின் தம்பி; மேடவாக்கத்தில் குடியிருந்துகொண்டு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன்.

"பேக்கப் எங்க அத்தான் இருக்கு?"

"சி டிரைவ்ல ஒண்ணு, டி டிரைவ்ல ஒண்ணு, இ டிரைவ்ல ஒண்ணு."

மறுமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரனை மீறிச் சாமுவேல் கத்தினான்.

"அத்தான், மூணும் ஒரே டிஸ்க்குதான். முடிச்சூர் வீட்ல ஹால்ல ஒண்ணு, ரூம்ல ஒண்ணு, கிச்சன்ல ஒண்ணுன்னு ஆல்பம் வெச்சிருந்தா வெள்ளத்துல தப்பிச்சிருக்குமா?"

அன்று நாட்குறிப்பில் 'மடிக்கணினி: லேசான சுகவீனம்' என்று எழுதினேன்.

ஹெலனிடம் சொல்லவில்லை. "எல்லாம் ரெடியாங்க?" என்று கேட்டாள். "ஒரு சின்ன கேபிள்தான் பாக்கி" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

சனிக்கிழமை கூடத்துக்கு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. மேடவாக்கத்து நெரிசலில் சிக்கிய சாமுவேல் பாட்டு முடியும் நேரத்தில்தான் வந்து சேர்ந்தான். தூசி ஊதுவதற்காக நான் மடிக்கணினியைப் புத்தகம்போல் விரித்து, பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்தேன். அவன் சும்மா பொத்தானை அழுத்தினான். அது உயிர் பெற்றது.

"அசையாதீங்க அத்தான்!"

கொஞ்சம் கீழே சாய்த்தால் பல்லி கத்தியது. நிமிர்த்தி, என் நெஞ்சுப் பக்கம் லேசாகச் சரித்தால் நின்றது. பாட்டுப் புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுத்துப் பார்த்தோம். பல்லிக்குப் பிடிக்கவில்லை. என் கைதான் வேண்டும் என்றது.

"மொதல்ல பென் டிரைவ்ல காப்பி பண்ணிடலாம்" என்றான் சாமுவேல்.

அதற்குள் ஹெலன் மேடைப் பக்கமிருந்து வந்துவிட்டாள். "எல்லாரும் வெயிட் பண்றாங்க. அதை ஏன் இப்பிடிப் பிடிச்சிருக்கீங்க?"

"இது புது முறை."

ஒருபக்கம் பென் டிரைவில் காப்பி ஓட, மறுபக்கம் திரையில் படங்கள் ஓட ஆரம்பித்தன. நான் சுவரோரம் நின்று, வேத புத்தகத்தை வாசிப்பவன்போல் மடிக்கணினியை ஏந்திக்கொண்டிருந்தேன். தோள் மரத்தது. மூக்கில் வியர்வை இறங்கியது. துடைக்க முடியவில்லை, சாமுவேலே துடைத்துவிட்டான்.

படிக்கட்டுப் படம் வந்தது. மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்கு அருகில் போய் நின்றார். குடை பிடித்திருந்த அண்ணனின் முகத்தை விரலால் தொட்டார். அந்த நிமிடத்தில் இன்னும் ஒரு மணி நேரம்கூட நின்றிருப்பேன்.

கடைசிப் படமும் முடிந்தது. "காப்பி இன்னும் கொஞ்சம்தான் அத்தான், உங்க கல்யாணம் மட்டும் பாக்கி" என்று சாமுவேல் காதில் சொன்னான். அப்போது போதகர் மைக்கை வாங்கினார்.

"ஜெபிப்போம்."

ஞாயிறு பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து இந்தச் சொல் காதில் விழுந்தால் என் கண் மூடும், கை குவியும். கண் மூடியது. கை குவிந்தது. நடுவில் ஒரு மடிக்கணினி இருந்தது என்பது "பரம பிதாவே" என்று அவர் தொடங்கியபோது நினைவுக்கு வந்தது. சத்தமும் அப்போதுதான் வந்தது.

போதகர் நிறுத்தவில்லை. எங்கள் சபையில் ஜெபத்தின் நடுவே கண் திறக்கும் வழக்கமும் இல்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டே, உடைந்தது என்ன, உடைத்தது யார் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். நானும் திறக்கவில்லை. போதகர் நீளமாக ஜெபிக்கிறவர் என்று அதற்கு முன்னால் குறைப்பட்டிருக்கிறேன். அன்று அவர் இவ்வளவு சீக்கிரம் ஆமென் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

திங்கட்கிழமை கடைக்காரர் சொன்னபடி கேபிளை மாட்டினார்.

"கேபிள் சூப்பரா கீது சார். டிஸ்க்குதான் பூட்ச்சு. இன்னா சார், கீய போட்டியா?"

"ஜெபம் பண்ணினேன்" என்றேன்.

பென் டிரைவில் எல்லாம் பத்திரமாக இருந்தது, கடைசி எண்களைத் தவிர. எனக்குக் கல்யாணம் ஆனதற்கு இன்று ஒரு படம்கூட இல்லை. நான் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் படிக்கட்டுப் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

"அண்ணன் இருக்கான்ல, அது போதும். உங்களைத்தான் நேர்லயே பாக்குறோமே மாப்ளே."

(ஹெலன் இதை இவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளவில்லை. அது வேறு கட்டுரை. எழுத அனுமதி இல்லை.)

இப்போதெல்லாம் குடும்பத்தில் யார் வீட்டில் கூடினாலும் சாமுவேல் கை தூக்கிவிடுவான். "ஒரு நிமிஷம் பாஸ்டர். அத்தான், கைல என்ன?" காபி டம்ளராக இருந்தால் ஹெலன் வந்து வாங்கி வைத்த பிறகுதான் ஜெபம் தொடங்கும்.

அண்மையில் சாமுவேலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் விவரம் தெரியாத யாரோ குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். போதகர் தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான், சோபாவிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வீடே என்னை நோக்கி ஓடிவந்தது. மாமியார்தான் முதலில் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

பிறகு எல்லோரும் என் கைகளைப் பார்த்தார்கள். நான் விரித்துக் காட்டினேன். போதகர் தலையசைத்து, "ஜெபிப்போம்" என்றார்.