ஏழாம் நம்பர் பஸ் கூப்பிடுகிறது

ஏழாம் நம்பர் பஸ்ஸில் யாரோ மறுபடியும் உதவிப் பட்டனை அமுக்கிவிட்டார்கள்.

ஓட்டுநர் இல்லாத ஒன்பது பஸ்களை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மேய்க்கிற கண்காணிப்பாளரின் மேசையில் மணி அடித்தது. காலையிலிருந்து இப்படி நூற்றுப் பத்து முறை அடித்திருந்தது. பாதி, பை உரசியது. மீதி, பிள்ளைகள் விளையாட்டு. திரையில் கூட்டத்துக்கு நடுவே ஒரு கை மட்டும் தெரிந்தது. 'வீண் அழைப்பு' என்று தள்ளினார்.

கை மறுபடி அமுக்கியது. மறுபடி தள்ளினார். மூன்றாம் தடவை தள்ளியதும் பஸ் நாற்சந்தி நடுவில் நின்றுவிட்டது. மூன்று முறை கூப்பிட்டும் யாரும் பேசாவிட்டால் நின்றுவிடும்படி அதைப் பழக்கியிருந்தார்கள்.

"டிரைவர் எங்கய்யா?" பஸ் நின்றதும் தானாகத் திறந்துகொண்ட ஒலிபெருக்கியில் பயணி ஒருத்தி கத்தினாள்.

"நான்தாம்மா."

"இங்க ஆளையே காணோம்!"

"பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கேம்மா."

"நல்லா இருப்பா. நாங்களும் இங்கயே இருக்கோம்."

காற்றாவது வரட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார். பாதிப் பேர் சாலையில் இறங்கிவிட்டார்கள். ஆட்களைக் கண்டதும் பின்னால் வந்த நாலாம் நம்பரும், எதிரே வந்த இரண்டாம் நம்பரும் நின்றன. விலகச் சொல்லி ஹாரனைத் தட்டினார். பதற்றத்தில் மூன்று பஸ்ஸும் சேர்ந்து அலறின. சைக்கிளில் வந்தவர் மிரண்டு விழுந்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

போன மாதம் கண்காணிப்பாளர் இப்படித் தள்ளிய ஒரு மணி, நெஞ்சுவலிக்காரருடையது. அந்த மனிதர் பிழைக்கவில்லை. 'நூற்றில் தொண்ணூற்றொன்பது வீண் மணி. ஆள்மேல் தவறில்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். மறுநாள் பயந்துபோய் எல்லா மணிக்கும் பேசினார். நாலே நாளில் விரல் தானாகத் தள்ளத் தொடங்கிவிட்டது. வேலை முடிந்து அறைக்குப் போனால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

திரையில் அந்தக் கை இன்னும் பட்டன்மேலேயே இருந்தது.

"அக்கா," பக்கத்து மேசையில் இருந்தவளைக் கூப்பிட்டார். "ஏழுல கொஞ்சம் பேசுங்களேன். எனக்குக் கேக்கத் தைரியம் இல்ல."

அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நெடுநேரம் கேட்டாள்.

"நெஞ்சுவலியா அக்கா?"

"இல்ல தம்பி, உங்கப்பா. ஒரு மாசமா எத்தன தடவ போன் பண்ணாலும் நீ எடுக்கலியாம். இந்தப் பட்டன அமுக்குனா கண்டிப்பா பேசுவாங்கன்னு பஸ்ல எழுதியிருக்காம்."