உயரப்படி நின்ற சம்மனசுகள்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவிலே ஒரு கவிதையைப் பத்திப் பேசணும்.

கவிதை சம்மனசுகளைப் பத்தி. அதாவது தேவதூதர்கள். எழுதினவர் அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர்.

"யாப்பு என்ன, அணி என்ன, எல்லாத்தையும் அலசிடுங்க தம்பி. நல்லா அமைஞ்சா தமிழ் வாத்தியார் வேலை உங்களுக்குத்தான்"னு சொல்லியிருந்தார்.

நான் தமிழ் வித்வான் பரீட்சை பாஸ் பண்ணி வெகு நாளாச்சு. மேற்கு மாம்பலத்திலே மாமனார் வீட்டுச் சாப்பாடு. கிளம்பும்போது அவர், "மாப்பிள்ளை, இதுவாவது..."ன்னு ஆரம்பிச்சு பாதியிலே நிறுத்திட்டார். மானம் போச்சு!

உலக யுத்தச் சண்டைக் காலம். பேப்பர் கிடைக்காம நோட்டீஸ் அடிக்கலை. கவிதையோட நாலு அடியையும், சம்மனசு வேஷம் போட்ட நாலு சின்னப் பெண்களோட அட்டைச் சிறகிலே ஆளுக்கு ஒண்ணா எழுதியிருந்தாங்க. சிறகு முதுகிலேதானே இருக்கும்? நாலு சம்மனசும் மேடைக்கு வந்து சபைக்கு முதுகைக் காட்டி நின்னுது.

அப்பதான் நான் கவிதையை முதல் தடவையாப் பார்க்கிறேன்.

காக்கும் கரத்தில் கமழும் மலர்மாலை
வானம் திறக்க வந்தது வெண்சிறகு
மலர்மாலை சூட்டி மகிழ்ந்தது வானம்
வெண்சிறகு விரித்து விளக்கினைக் காக்கும்

ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை. எனக்கு வேர்த்துப் போச்சு.

ஆனா படிச்ச படிப்பு சும்மா விடுமா?

"சபையோர்களே! இது அடிமறிமாற்று! எந்த அடியை எங்கே வெச்சாலும் பொருள் மாறாத அபூர்வ அமைப்பு!"ன்னேன்.

கைதட்டல்! முன் வரிசையிலே இருந்த மாதா கோயில் பங்குச் சாமியார்கூடத் தலையை ஆட்டினார். அதோட நிறுத்தியிருக்கலாம்.

"இதோ பாருங்க!"ன்னு முதல் சம்மனசையும் கடைசிச் சம்மனசையும் இடம் மாத்தி நிறுத்தினேன். பொருள் மாறலை. இருந்தாத்தானே மாறும்!

ஹெட்மாஸ்டர் எழுந்து மேடைக்கே வந்துட்டார்.

"தம்பி, ஒரு அடி முடியற சொல்லிலேதான் அடுத்த அடி ஆரம்பிக்கும். அந்தாதி! தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுக் கோத்தது. நீங்க எங்கே வேணாலும் வைக்கலாங்கறீங்க!"

சிறகுகளைப் பார்த்தேன். வெண்சிறகு, வெண்சிறகு. மலர்மாலை, மலர்மாலை. பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"அப்ப யாருங்க இவங்களை இப்படி நிறுத்தினது?"ன்னேன், பரிதாபமா.

ஓரத்திலே நின்ன டிரில் மாஸ்டர் சொன்னார்: "நான்தான் சார். உயரப்படி நிக்க வெச்சேன். எப்பவும் அப்டித்தானே நிக்கிறாங்கோ. இப்ப இன்னா தப்பு?"

ஹெட்மாஸ்டர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"தமிழுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன் தம்பி. டிரில்லுக்கு ஒரு உதவி வாத்தியார் வேணும். வர்றீங்களா?"

சேர்ந்துட்டேன். மாமனார் முகத்திலே முழிக்கணுமே!

ஒண்ணு மட்டும் சொல்லணும். டிரில்லிலே பிள்ளைங்களை எந்த வரிசையிலே நிறுத்தினாலும் பொருள் மாறறதே இல்லை.