பை நிறைந்த பெருச்சாளி

ஒரு காட்டில் ஒரு கீரி செத்துக்கிடந்தது. செத்துக்கிடந்தபடியே கத்திக்கொண்டும் இருந்தது.

"டேய் புலிப்பாண்டி! வந்து தூக்கி விடுடா! இன்னும் கொஞ்ச நேரம் போனா மொத்தமா போயிடுவேன்!"

பயப்பட வேண்டாம். செத்தது விளையாட்டில், கூட்டாளி சீக்கிரம் வந்து தூக்கி விட்டால் எழுந்துவிடலாம். காட்டில் எல்லாருக்கும் செல்போன் வந்த கையோடு வந்த ஆட்டம் அது. எதிரியைச் சுட வேண்டும், அவன் விட்டுப்போகும் பெட்டியைத் திறக்க வேண்டும், அதில் இருக்கும் துப்பாக்கியை எடுத்து அடுத்தவனைச் சுட வேண்டும், அவன் பெட்டியையும் திறக்க வேண்டும். கதை என்னவென்று கேட்டால் இவ்வளவுதான் கதை.

புலிப்பாண்டி என்பது ஒரு பெருச்சாளி. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு வளைக்குள் குப்புறப் படுத்திருக்கும் சாதாரணப் பெருச்சாளி. ஆட்டத்தில் ஏதாவது பெயர் வைக்கச் சொன்னார்கள், அது இப்படி வைத்துக்கொண்டது. விஷயம் இன்னும் புலிக்குப் போகவில்லை.

அணியில் மூன்றாவது ஆள் ஒரு சாரைப்பாம்பு. விஷம் இல்லாததால் மருந்துப்பை அதனிடம் இருந்தது.

வெளியே பார்த்தால் சாரை பெருச்சாளியைத் தின்னும். கீரி இரண்டையும் தின்னும். உள்ளே வந்துவிட்டால் "அக்கா, மருந்து போடுங்க", "தம்பி, பின்னாடி பாரு". அந்த ஆட்டத்தை மனசாரப் பாராட்ட வேண்டுமென்றால் இதற்காகத்தான் பாராட்ட வேண்டும். துப்பாக்கிச் சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், தட்டினால் மீசை வரைக்கும் அதிரும். மற்றபடி சர்வர் பாதி நாள் படுத்துவிடும். மீதி நாள் 'வரிசையில் நிற்கவும், உங்களுக்கு முன்னால் ஒரு காடே நிற்கிறது' என்று காட்டும்.

அன்று சாயங்காலம் கீரி ஆற்றைத் தாண்டி செக்போஸ்ட் வேலைக்குப் போவதாக இருந்தது. அங்கே டவர் கிடையாது. அதற்குள் கடைசி எதிரியை ஒரே ஒரு தடவை சாய்த்துவிட வேண்டும், அதுதான் கீரியின் ஆசை. கடைசி எதிரி ஒரு மனுசன். கையில் மரம் அறுக்கிற மெஷின். மழைக்காலம் முழுக்க மூன்று பேரும் அவனிடம் செத்திருக்கிறார்கள். இன்றைக்குத்தான் அவன் உயிர்க்கோடு நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெருச்சாளியின் காலடியில் ஒரு பெட்டி தங்க நிறத்தில் ஜொலித்தது.

"தம்பி, கீரியைத் தூக்கி விடு! என்னால தனியா தாங்க முடியாது!" என்றது சாரை.

"இதோ வந்துட்டேன்க்கா!"

வரவில்லை. பெட்டிக்குள் தங்கத் துப்பாக்கி. 'பை நிறைந்துவிட்டது' என்றது திரை. எதையாவது கீழே போட்டால்தான் அதை எடுக்க முடியும். பெருச்சாளிகளுக்குக் கையில் இருப்பதைப் போட மனசு வராது. பையில் ஏறக்குறைய ஒரே மாதிரி பிஸ்டல் ஏழு, முயல்காதுத் தொப்பி இரண்டு, குண்டு தீர்ந்துபோன பீரங்கி ஒன்று. பிஸ்டலில் ஒன்றைப் போடலாம். எதைப் போடுவது? ஒன்று கொஞ்சம் வேகம். இன்னொன்று வேகம் கம்மி, ஆனால் பிடி சிவப்பு.

"டேய், என்னடா பண்ற?"

"பேக் ஃபுல்லுடா! ஒரு நிமிஷம்!"

"நான் சாகுறேன், உனக்கு பேக்கா?"

"தங்கத் துப்பாக்கிடா! இதை வெச்சு ஒரே போடு, மனுசன் காலி!"

"என்னைத் தூக்கினா இப்பவே காலிடா, எருமை!"

தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

ஒருவழியாகப் பெருச்சாளி ஒரு தொப்பியைத் தியாகம் செய்தது. அதற்குள் கீரியின் பெயர் திரையில் சாம்பல் நிறமாகிவிட்டது. "போச்சு" என்று சொல்லிக்கொண்டே சாரையும் விழுந்தது. பெருச்சாளி தங்கத் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்துத் தட்டியது.

'இதைப் பயன்படுத்த நாற்பதாவது லெவல் தேவை' என்றது திரை, மரியாதையாக.

பெருச்சாளி முப்பத்தெட்டு.

மனுசன் அதை நிதானமாக நடந்து வந்து அறுத்தான். படம் அவ்வளவு தத்ரூபம், பெருச்சாளியின் ரோமம் மரத்தூள் மாதிரியே பறந்தது.

பிறகு கீரி கேட்டது: "துப்பாக்கி நல்லாருக்கா?"

"லெவல் பத்தலடா."

"ம்."

கீரி ஹெட்செட்டைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, அவன் ஆத்தைத் தாண்டுறதுக்குள்ள நேர்ல போய் ஒரு சாரி சொல்லிடு. நான் போனா பழக்கதோஷத்துல கழுத்தைப் பிடிச்சிடுவான். நீதான் போகணும்" என்றது சாரை.

"என்னையும் தின்னுட்டான்னா?"

"உன்னை எத்தனை தடவை தூக்கி விட்டிருக்கான், தின்னவா போறான்? துப்பாக்கியைப் பத்தி மட்டும் பேசாத. போ."

"போறேன்க்கா."

பெருச்சாளி வளை வாசல் வரைக்கும் போனது. கீரி தோளில் மூட்டையோடு ஆற்றங்கரையில் நின்றிருந்தது. முதல் கல்லில் கால் வைக்கும் முன் ஒருமுறை திரும்பி, வளைகள் இருக்கும் பக்கம் பார்த்தது. குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். பெருச்சாளி வாயைக்கூடத் திறந்துவிட்டது. தின்றுவிடுமோ என்று பயம் என அது பிறகு சொல்லிக்கொண்டது. அதெல்லாம் சும்மா. 'சாரிடா' என்பது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இன்னும் ரெண்டு லெவல்தானே, ஏறிவிட்டு அந்த மனுசனைச் சாய்த்துப் படம் அனுப்பினால் கீரியே சந்தோஷப்படுவான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. படம் அங்கே போய்ச் சேராது என்றும் அதற்குத் தெரியும். திரும்பிப் போய்க் குப்புறப் படுத்தது.

"சொல்லிட்டியா தம்பி?"

"அக்கா, மருந்துப்பையோட வாங்க. லெவல் ஏத்தணும்."

சாரை கேட்டது அதை இல்லை. போய்ச் சொல்லச் சொன்னது. பெருச்சாளி சொல்லவில்லை.

நீதி: மன்னிப்புக் கேட்கக் கூச்சமாக இருந்தால் லெவல் ஏற்றுங்கள். லெவலுக்கு முடிவே கிடையாது. அதனால் கேட்க வேண்டிய நாளும் வராது.