ஆறு மணி அடிக்கும் மச்சானுக்கு

சேசு மரி சூசை

ராயபுரம்,
8-8-72

மரியாதைக்குரிய மச்சான் ஸ்டானிஸ்லாஸ் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் ஜேக்கப் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் ஃப்ளோராவும் இங்கே சுகம். தங்கள் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணிக்கயிற்றில் தங்கள் கைப்பலம் கடற்கரை வரைக்கும் கேட்கிறது. ரெண்டு தெரு தள்ளி இருப்பவருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் நான் வாயை விட்டுவிடுவேனாம். "எங்க அண்ணன்கிட்ட போயி கத்தாத. எதுவா இருந்தாலும் எய்திக் குடு, நான் எட்த்துகினு போறன்" என்பது உங்கள் தங்கையின் உத்தரவு.

மச்சான், நான் ஒரு மிடில் ஸ்கூல் டிரில் மாஸ்டர். பாஸ்கெட்பால் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் கேட்கிறேன், ராஜ்யம் கேட்கவில்லை. காலையில் வைக்கலாம் என்றால் எல்லாப் பையனும் தெருக்குழாயில் குடத்தோடு நிற்கிறான். மத்தியானம் வைத்தால் வெறுங்காலில் மைதானத்தை மிதிக்க முடியாது. பள்ளி விட்டதும் வைக்கலாம் என்று போனால், வளையத்துக்கு நேர் கீழே வியாகுலம்மாள் கருவாடு காயப்போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் சீக்கிரம் அள்ளக்கூடாதா என்று பணிவாகத்தான் கேட்டேன். "இன்னாத்துக்கு மாஸ்டரே அவசரம்? வெயிலு கீதுல்ல? பந்தையா காய வெக்கப் போற?" என்கிறார்கள். அவர்கள் அள்ளி முடிக்க ஐந்தரை ஆகிறது. ஆகவே ஐந்தரை முதல் ஆறரை வரை பயிற்சி, முதல் பாதி பந்தைத் தட்டி ஓடுவது, இரண்டாம் பாதி வளையத்தில் போடுவது என்று திட்டம் போட்டேன். ஆறு மணிக்கு நீங்கள் மணியடிக்கிறீர்கள். ஓடுகிறவன் ஓடுகிற இடத்தில் நின்று கைகூப்பி மாதாவுக்குத் திரிகால செபம் சொல்கிறான். செபம் முடிந்தால் திரும்ப ஓடுவானா என்றால் அதுவும் இல்லை. மணியடித்தால் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று அம்மாக்கள் ஆள் விட்டுக் கூப்பிடுகிறார்கள். இப்போது என் பையன்களுக்குத் தட்டத் தெரியும், ஓடத் தெரியும், வளையத்தில் போட மட்டும் தெரியாது. ஏனென்றால் அது ஆறு மணிக்கு மேல்.

ஆறரைக்கு அடிக்கக்கூடாதா என்று போன மாதம் கேட்டதற்கு, நாலு பேர் நடுவில் என்ன சொன்னீர்கள்? "உன் பந்துக்காவ மாதாவ காக்க வெக்கச் சொல்றியா மாப்ளே?" என்றீர்கள். நான் என்னமோ ஞானஸ்நானமே வாங்காதவன் மாதிரி எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

சனிக்கிழமை நம் மைதானத்தில் அரையிறுதி நடந்தது. எதிரில் கொருக்குப்பேட்டைப் பையன்கள். நாங்கள் நன்றாக முன்னால் இருக்கும்போது உங்கள் மணி அடித்தது. நம் நாலு பேர் சிலை போல நின்றுவிட்டார்கள். நடுவர் வால்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார், ஆட்டத்தை நிறுத்த ஆளில்லை. என்னையும் சொல்ல வேண்டும், என் தொப்பியும் கைக்கு வந்துவிட்டது. சின்ன வயதுப் பழக்கம். கொருக்குப்பேட்டைப் பையன்கள் முதலில் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு ஒருத்தன், "அவுங்க கும்புடட்டும், நீ பந்த எட்த்துகினு ஓடு" என்றான். உள்ளே இருந்த ஐந்து பேரில் கோதண்டம் மட்டும்தான் இந்துப் பையன். ஒருத்தனாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி அவனுக்கு மூச்சு வாங்கியது. நீங்கள் மூன்று மூன்றாக நிறுத்தி நிதானமாக அடித்து முடிப்பதற்குள் எங்கள் முன்னிலை எல்லாம் போய், கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தோம்.

வரும் சனிக்கிழமை இறுதி ஆட்டம், அதுவும் இங்கேதான். சுதந்திர தினக் கேடயம் வராவிட்டால் வளையக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு சைக்கிள் ஷெட் போடுவேன் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஒட்டுப்போட்ட ஒரே பந்தை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன், சனிக்கிழமை ஒரு நாள் ஆறரைக்குத்தான் மணி அடிக்க வேண்டும். மாட்டேன் என்றால் பங்குச் சாமியாரிடம் எழுத்து மூலம் புகார் போகும். சொந்தம் என்று பார்க்க மாட்டேன்.

வீட்டில் அக்காவுக்கு என் தோத்திரம் சொல்லவும். பிள்ளைகளுக்கு ஆண்டவர் ஆசீர்.

தங்கள் மனம் புண்பட்ட மைத்துனன்,
ஜேக்கப்

பி.கு.: கடிதத்தை ஃப்ளோராவிடம் கொடுக்கும்போது இன்னொரு அரையிறுதியின் முடிவு தெரிந்தது. சனிக்கிழமை எங்களோடு மோதுவது நம்மைப் போலவே ஒரு மாதா கோயில் பள்ளி. ஐந்து பையன்களும் கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் போட்ட பக்திமான்கள். ஆகையால் மேலே எழுதியதை மறந்துவிட்டு, தயவுசெய்து சரியாக ஆறுக்கே அடிக்கவும். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோதண்டத்தோடு ரஹீமையும் வேலப்பனையும் உள்ளே இறக்குகிறேன், இன்றிலிருந்து அந்த மூன்று பேருக்கும் வளையப் பயிற்சி மட்டும்தான். மணிக்கு மணி நன்றாக இடைவெளி விட்டு அடியுங்கள் மச்சான். மாதா காரியத்தில் அவசரம் கூடாது.